தாடையைத் திருத்தும்போது தொண்டையை மறக்கலாமா?

கீழ்த்தாடை எலும்பை அறுத்து, முன்னுக்கோ பின்னுக்கோ நகர்த்திப் பொருத்தும் அறுவை சிகிச்சையைப் பற்றி ஒரு காலத்தில் மெல்ல முடியாதவர்களும் விபத்தில் அடிபட்டவர்களும்தான் கேள்விப்பட்டிருப்பார்கள். இன்று அது 'முன்பு – பின்பு' படங்களாகக் கைபேசித் திரைக்கு வந்துவிட்டது. ஆனால், இந்தச் சிகிச்சையின் வெற்றி தோல்வியை முடிவுசெய்யும் இரண்டு விஷயங்கள் அந்தப் படங்களில் தெரிவதில்லை. நகர்த்திய எலும்பு வைத்த இடத்தில் நிற்கிறதா என்பது ஒன்று; நாக்குக்குப் பின்னால் இருக்கும் மூச்சுப்பாதை என்ன ஆனது என்பது மற்றொன்று.

கூர்மையான தாடைமீது இளைஞர்களுக்கு இன்று தனி மோகம். நாக்கை அண்ணத்தில் அழுத்தியே வைத்திருந்தால் தாடை எடுப்பாகும் என்கிற 'மியூயிங்' பயிற்சியைப் பள்ளி மாணவர்கள்கூடச் செய்துபார்க்கிறார்கள். ஆசிரியர் கேள்வி கேட்டால் வாயைத் திறக்காமல், தாடையோரம் விரலால் கோடிழுத்துக் காட்டுவது வகுப்பறைக் கேலியாகவே ஆகிவிட்டது.

இந்தப் பயிற்சியைப் பிரபலமாக்கிய பிரிட்டன் மருத்துவர் மைக் மியூவின் பெயர், இரு குழந்தைகளுக்கு அவர் அளித்த சிகிச்சை பற்றிய விசாரணைக்குப் பின், 2024 நவம்பரில் அந்நாட்டுப் பல் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. வளர்ந்து முடிந்தவரின் எலும்பு நாக்குப் பயிற்சியால் நகராது. அது புரிந்ததும் சிலருடைய பார்வை கத்தியின் பக்கம் திரும்புகிறது.

அழகுக்காக இதைச் செய்துகொள்ள நினைப்பதைக் கேவலமாகப் பேசுவதற்கில்லை. பள்ளி முழுக்கப் பட்டப்பெயரோடு வளர்ந்த பிள்ளைக்கு முகம் என்பது சின்ன விஷயம் அல்ல. தவிர, இவர்களில் பலருக்குத் தேவை அழகோடு முடிவதும் இல்லை. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சந்திக்காததால் தோசையைக்கூடக் கடித்து எடுக்க முடியாமல் பிய்த்துத்தான் வாயில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். முறுக்கைக் கடைவாய்க்குத் தள்ளி ஒடிப்பவர்கள் இருக்கிறார்கள். சில எழுத்துகளைச் சரியாக உச்சரிக்க முடியாமல் கூட்டத்தில் பேசவே தயங்குகிறவர்களும் உண்டு.

ஆகவே, 'செய்யலாமா, கூடாதா' என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. எந்தப் பக்கம் நகர்த்துகிறார்கள், எவ்வளவு நகர்த்துகிறார்கள், நகர்த்திய பிறகு எத்தனை காலம் கவனிக்கிறார்கள் என்றுதான் கேட்க வேண்டும்.

கொரியாவில் நடந்தது

தாடை அறுவை சிகிச்சை வணிகமானால் என்ன நடக்கும் என்பதற்குத் தென் கொரியாவைப் பார்த்தால் போதும். மேல், கீழ் இரு தாடைகளையும் நகர்த்தும் சிகிச்சை அங்கே சுரங்க ரயில் நிலையங்களில்கூட விளம்பரப்படுத்தப்பட்டது. 2014 ஜனவரியில் சியோலின் கங்னம் பகுதி மருத்துவமனை ஒன்று, நோயாளிகளிடமிருந்து வெட்டி எடுத்த ஏறத்தாழ 2,000 தாடை எலும்புத் துண்டுகளைக் கண்ணாடிக் கோபுரமாக அடுக்கிக் காட்சிக்கு வைத்தது. எவ்வளவு பேர் எங்களிடம் வருகிறார்கள் பாருங்கள் என்பதுதான் அதன் செய்தி. மருத்துவக் கழிவு விதிகளைக் காட்டி உள்ளூர் நிர்வாகம் தலையிட வேண்டியிருந்தது.

2016-ல் தாடையோரத்தைச் செதுக்கும் சிகிச்சைக்குப் போன இருபதுகளில் இருந்த இளைஞர் ஒருவர் ரத்தப்போக்கால் உயிரிழந்தார். பொறுப்பேற்ற மருத்துவர் பாதியில் வேறு அறைக்குப் போய்விட்டது, அறுவை அரங்கின் கேமராப் பதிவை வாங்கிப் பார்த்த தாய்க்குத்தான் தெரிந்தது. அவர் ஆண்டுக்கணக்கில் நடத்திய போராட்டத்தின் விளைவாக, நோயாளி சுயநினைவில்லாத நிலையில் நடக்கும் அறுவை சிகிச்சைகளுக்கு அரங்கில் கேமரா கட்டாயம் என்ற சட்டம் 2021-ல் அங்கே நிறைவேறி, 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது.

இங்கே இன்னும் கோபுரங்கள் எழவில்லை. எழும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

உள்ளே என்ன நடக்கிறது?

இன்று பெரும்பாலும் கையாளப்படும் முறை, ட்ரௌனர், ஓப்வெகெசர் என்னும் இரு ஐரோப்பிய மருத்துவர்கள் 1957-ல் ஆங்கில மருத்துவ இதழில் விவரித்தது. பின்னால் வந்தவர்கள் அதைச் செம்மைப்படுத்தினார்கள். வெட்டுவது முழுக்க வாய்க்குள்ளேதான். முகத்தில் தழும்பு தெரியாது. கடைசிக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால், இரு பக்கமும் எலும்பை நீளவாக்கில் இரண்டு ஏடாகப் பிளப்பார்கள். காது மூட்டோடு இருக்கும் ஏடு அங்கேயே நிற்கும். பற்கள் இருக்கும் பகுதியை அதன்மேல் வழுக்கிக் கொண்டுவந்து, வேண்டிய இடத்தில் டைட்டானியம் தகடும் திருகும் வைத்து முடுக்குவார்கள்.

தகடும் திருகும் வருவதற்கு முன்பு நோயாளியின் பாடு பெரும் பாடு. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் பூட்டி, ஆறு வாரம் வாயே திறக்க முடியாமல் வைத்திருப்பார்கள். வாந்தி வந்தால் மூச்சடைத்துவிடும் என்பதால் கம்பியை வெட்டும் குறடு படுக்கையருகே தயாராக இருக்கும். 1974-ல் ஸ்பீஸ்ல் என்னும் மருத்துவர் திருகுகளால் இறுக்கும் முறையைக் கொண்டுவந்த பிறகு அந்தக் கொடுமை மெல்லக் குறைந்தது. இன்று பலர் சில நாட்களில் வீடு திரும்பி, கஞ்சியும் ஜூஸுமாகத் தொடங்கி, ஆறு வாரம் மென்மையான உணவில் இருந்து தேறிவிடுகிறார்கள்.

விளம்பரம் சொல்லாத இன்னொன்று, இது ஒருநாள் வேலை இல்லை என்பது. அறுவைக்கு முன்பே பெரும்பாலும் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு பல்லுக்குக் கிளிப் போட வேண்டும். அந்தக் காலத்தில் முகம் முன்னைவிட மோசமாகத் தெரியும். தாடை தவறான இடத்தில் இருந்தாலும் ஒன்றையொன்று எட்டிப்பிடிக்கப் பற்கள் இத்தனை ஆண்டுகளாகச் சாய்ந்து வளர்ந்திருக்கும்; கிளிப் அந்தச் சாய்வை நிமிர்த்தும்போது தாடையின் உண்மையான கோளாறு அப்படியே வெளிப்பட்டுவிடும். இதை முன்கூட்டியே சொல்லாததால், மருத்துவர் கெடுத்துவிட்டார் என்று நினைத்துப் பாதியில் நிறுத்தும் குடும்பங்கள் உண்டு.

கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு இந்த எலும்புக்குள்ளேதான் ஓடுகிறது. அறுவைக்குப் பின் உதடு மரத்துப்போவது சகஜம். பலருக்குச் சில மாதங்களில் உணர்வு திரும்பும். சிலருக்கு ஓரளவு மரப்பு நிரந்தரமாகவே தங்கிவிடும். வயது கூடக் கூட இந்த வாய்ப்பும் கூடும்.

வைத்த இடத்தில் நிற்குமா?

தாடை, தனியாக நிற்கும் எலும்பு அல்ல. மெல்லும் தசைகள், நாக்கு, கழுத்தின் முன்புறத் தசைகள் எல்லாம் அதைப் பல திசைகளில் இழுத்துப் பிடித்திருக்கின்றன. பந்தக்காலை இரண்டடி தள்ளி நட்டுவிட்டு, அதைக் கட்டியிருந்த கயிறுகளை மட்டும் பழைய நீளத்திலேயே விட்டால் என்ன ஆகும்? கால் மெல்லப் பழைய இடத்தை நோக்கிச் சாயும். நகர்த்திய தாடைக்கும் அதுவே நேர்கிறது. தகடு எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும் தசையின் நினைவு அதைவிடப் பிடிவாதமானது.

முன்னுக்கு இழுத்த தாடையைச் சுற்றியுள்ள தசையும் தோலும் பின்னுக்கு இழுக்கும். ஏழு மில்லிமீட்டருக்கு மேல் முன்னகர்த்தும்போது தாடை பின்வாங்குவதும் அதிகம் என்பது ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொன்ன முடிவு. பின்னுக்குத் தள்ளிய தாடையில் சிக்கல் வேறு மாதிரியானது. பல் உள்ள பகுதியைப் பின்னே தள்ளும்போது, மூட்டோடு இருக்கும் ஏடும் தெரியாமல் சேர்ந்து பின்னே சாய்ந்துவிடலாம். மெல்லும் தசைகள் வேலை செய்யத் தொடங்கியதும் அந்த ஏட்டை நிமிர்த்தப் பார்க்கும். மோவாய் மறுபடி முன்னே வரும்.

இதில் மயக்க மருந்துக்கும் பங்குண்டு. அறுவை மேசையில் நோயாளி மல்லாந்து கிடக்கிறார், தசைகள் தளர்ந்திருக்கின்றன. அந்த நிலையில் காதுக்கு முன்னால் உள்ள மூட்டுக் குமிழ் தன் குழியில் சரியாக அமர்ந்திருக்கிறதா என்பதை மருத்துவர் கைப்பக்குவத்தால்தான் உணர வேண்டும். சற்று விலகிய நிலையில் திருகை முடுக்கிவிட்டால், நோயாளி விழித்து எழுந்து உட்கார்ந்ததும் குமிழ் தன் இடத்துக்குத் திரும்பும்; கடி மாறிவிடும். கணினியில் திட்டமிடுவதும் முப்பரிமாணத்தில் அச்சிட்ட வழிகாட்டிகளும் இன்று இந்தத் தவறுகளைக் குறைக்கின்றன. அவற்றால் தசையின் இழுப்பை மாற்ற முடியாது.

சிலருக்கு, குறிப்பாக நீண்ட முகமும் சிறிய தாடையும் கொண்ட இளம்பெண்களுக்கு, ஒன்றிரண்டு ஆண்டுகள் கழித்து மூட்டுக் குமிழே தேயத் தொடங்குவதும் உண்டு. அறுவைக்கு முன்பே மூட்டில் தேய்மானத்தின் அறிகுறி இருந்தால் அவசரப்படாமல் இருப்பதே நல்லது. வளரும் வயதுப் பையன்களுக்கோ எதிர்மாறான சிக்கல். கீழ்த்தாடை உடலின் உயரத்தைவிடத் தாமதமாக வளர்ந்து முடியும் எலும்பு. பதினாறு வயதில், 'கல்லூரி சேரும் முன் முடித்துவிடலாம்' என்று அவசரப்பட்டால் தாடை மறுபடி வளர்ந்து பழைய இடத்துக்கே வந்து நிற்கும். சில மாத இடைவெளியில் எடுத்த எக்ஸ்ரேக்களை ஒப்பிட்டு, வளர்ச்சி நின்றுவிட்டதை உறுதிசெய்த பிறகே கத்தியை எடுக்க வேண்டும்.

அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் வில்லியம் பிராஃபிட் குழுவினர் பல ஆண்டுகள் நோயாளிகளைப் பின்தொடர்ந்து, எந்த நகர்வு நிலைக்கும், எது நிலைக்காது என்று ஒரு வரிசையையே வகுத்தார்கள். 1996-ல் வெளியான அதை 2007-ல் புதுப்பித்தார்கள். அவர்களுடைய அளவுகோல் எளிமையானது. இரண்டு மில்லிமீட்டருக்குள் மாறினால் கவலை இல்லை; நான்கைத் தாண்டினால் கிளிப்பால் சமாளிக்க முடியாது. மேல்தாடையை மேலே தூக்குவதும் கீழ்த்தாடையை முன்னே கொண்டுவருவதும் அவர்கள் பட்டியலில் நன்றாக நிலைக்கிறவை. கீழ்த்தாடையை மட்டும் பின்னே தள்ளுவது, பட்டியலின் அடியில், சிக்கலானவற்றோடு இருக்கிறது.

நம் ஊரில் தாடை துருத்திய ஒருவர் மருத்துவரிடம் போய், 'இதை உள்ளே தள்ளிவிடுங்கள்' என்றுதான் கேட்பார். எலும்பு நிலைப்பதில் அது பின்தங்கிய நகர்வு. மூச்சுப்பாதைக்கு அது செய்வது இன்னும் கவலை தருவது.

நாக்கு எங்கே போகும்?

நாக்கின் முக்கியத் தசை, மோவாய் எலும்பின் உட்புறத்தில் பற்றியிருக்கிறது. நாக்கின் அடியில், குரல்வளைக்கு மேலே, குதிரை லாட வடிவில் ஒரு சிறு எலும்பு தசைகளில் தொங்குகிறது; அதுவும் தாடையோடு கட்டுண்டது. தாடை பின்னே போனால் நாக்கின் வேர் பின்னே போகும். அந்தச் சிறு எலும்பு கீழும் பின்னுமாக இறங்கும். வாயென்னும் அறை சுருங்கும். அதில் இருக்கும் நாக்கு சுருங்காது. அதற்குக் கிடைக்கும் ஒரே இடம் தொண்டை.

இதைப் பல நாடுகளில் எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும் எடுத்து அளந்திருக்கிறார்கள். தாடையைப் பின்னே தள்ளியவர்களுக்கு நாக்குக்குப் பின்னுள்ள இடைவெளி குறைகிறது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. முதல் சில வாரங்களில் வீக்கமும் சேர்வதால் குறுக்கம் அதிகமாகத் தெரியும். பிறகு உடல் ஓரளவு ஈடுகொடுக்கிறது. தலையைச் சற்று நிமிர்த்தி வைத்துக்கொள்வதுகூட அந்த ஈடுகொடுத்தலின் ஒரு பகுதிதான். இழந்த இடம் முழுதாகத் திரும்புவதில்லை.

சில மில்லிமீட்டருக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். குழாயில் காற்று சீராக ஓடும்போது, விட்டம் பாதியானால் எதிர்ப்பு இரண்டு மடங்காவதில்லை, பதினாறு மடங்காகிறது. தொண்டை இரும்புக் குழாயும் அல்ல. தூக்கத்தில் தசை தளரும்போது உள்ளிழுக்கும் காற்றின் வேகத்திலேயே அதன் சுவர்கள் ஒட்டிக்கொள்ளக்கூடும். முதலில் குறட்டை வரும். பிறகு பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றுபோகும். மூளை பதறி எழுப்பும்; மீண்டும் தூக்கம், மீண்டும் அடைப்பு. ஒரு மணி நேரத்தில் ஐந்து முறைக்கு மேல் நேர்ந்தால் தூக்க மூச்சடைப்பு நோய் என்கிறார்கள். முப்பதைத் தாண்டினால் கடுமையானது. உயர் ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, பகலில் வண்டி ஓட்டும்போது கண் சொக்குவது எல்லாம் இதன் பின்விளைவுகள்.

பயமுறுத்துவது நோக்கம் அல்ல. ஒல்லியான, ஆரோக்கியமான இளைஞர்களில் பெரும்பாலோருக்கு, தாடையைப் பின்னே தள்ளியதால் மட்டும் தூக்க மூச்சடைப்பு வந்துவிடுவதில்லை. தள்ளிய அளவு அதிகமாக இருந்தாலோ, ஏற்கெனவே குறட்டை இருந்தாலோ, உடல் எடை கூடுதலாக இருந்தாலோதான் ஆபத்து. ஆனால், இருபது வயதில் அறுவை செய்துகொண்டவர் இருபது வயதிலேயே நிற்கப்போவதில்லை. நாற்பதில் தொப்பை போடும், கழுத்து தடிக்கும், தசைகள் தளரும். இருபதில் தாங்கிய தொண்டை அப்போதும் தாங்குமா என்பதை அறுவைக்கு முன்பே யோசிக்க வேண்டாமா? இந்தியாவில் தூக்க மூச்சடைப்பு உள்ள பெரியவர்கள் பத்துக் கோடிக்கும் மேல் என்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-ல் கணித்திருக்கும்போது இது வெறும் கற்பனைக் கவலை இல்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. தாடை நோயாளிக்கு எடுக்கும் ஸ்கேன்களில் பல, உட்கார்ந்தோ நின்றோ, விழித்திருக்கும்போது எடுப்பவை. மூச்சடைப்போ படுத்துத் தூங்கும்போது வருவது. ஸ்கேனில் இடைவெளி நன்றாக இருக்கிறது என்பதால் தூக்கத்திலும் நன்றாக இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. தூக்கத்தில் மூச்சு எப்படி ஓடுகிறது என்பதைத் தூக்கப் பரிசோதனைதான் காட்டும்.

முன்னே கொண்டுவருவதன் நன்மை

தாடையைப் பின்னே தள்ளினால் பாதை குறுகும் என்றால், முன்னே கொண்டுவந்தால் விரியத்தானே வேண்டும்? விரிகிறது. மேல், கீழ் இரு தாடைகளையும் முன்னகர்த்துவது கடுமையான தூக்க மூச்சடைப்புக்கே ஒரு சிகிச்சை. மூக்கில் காற்றழுத்தக் கருவி மாட்டிக்கொண்டு தூங்க முடியாதவர்களுக்கு இதைச் செய்கிறார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்து 2010-ல் வெளியான ஓர் அலசல், இப்படிச் செய்துகொண்டவர்களில் 86 சதவீதத்தினருக்கு நோய் கணிசமாகக் குறைந்ததாகச் சொல்கிறது. முழுதாக நீங்கியது ஏறக்குறைய 43 சதவீதத்தினருக்கு. இந்த நோய்க்கான மற்ற அறுவைகளில் பெரும்பாலானவை இந்த அளவை எட்டுவதில்லை.

அப்படியானால் துருத்திய தாடைக்காரர் என்ன செய்வது? பல நேரங்களில் கீழ்த்தாடை நீண்டிருப்பதாகத் தெரிவதற்கு மேல்தாடை உள்வாங்கியிருப்பதும் காரணம். ஐரோப்பாவின் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் துருத்திய தாடைக்குப் பேர்போனது. ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2019-ல் அந்தக் குடும்பத்தினரின் 66 ஓவியங்களை 10 முக அறுவை சிகிச்சை மருத்துவர்களிடம் காட்டிக் கேட்டபோது, கீழ்த்தாடை நீட்சியோடு மேல்தாடைக் குறையும் அந்த முகங்களில் கண்டறியப்பட்டது. நானூறு ஆண்டு வம்பெல்லாம் கீழ்த்தாடையின் தலையிலேயே விழுந்திருக்கிறது, பாவம்.

ஆகவே, மேல்தாடையை முன்னே கொண்டுவந்தோ, இரண்டிலும் பங்கு போட்டு நகர்த்தியோ அதே முகத்தோற்றத்தைப் பெற முடியுமா என்பதுதான் நோயாளி முதலில் கேட்க வேண்டிய கேள்வி. பங்கிட்டு நகர்த்தும்போது தொண்டை குறுகுவதும் குறைகிறது. எலும்பும் கூடுதலாக நிலைக்கிறது. கை தேர்ந்த மருத்துவர்கள் பலர் இந்த வழிக்கு எப்போதோ மாறிவிட்டார்கள். செலவும் நேரமும் கூடும் என்பது உண்மை. இரண்டு தாடைக்குப் பதில் ஒன்றை மட்டும் அறுத்தால் மலிவு என்கிற கணக்கில் இந்த முடிவு எடுக்கப்படக் கூடாது.

வரிசையில் பின்னால் நிற்கும் குழந்தைகள்

அழகுக்காக வருகிறவர்களைப் பற்றியே பேசினால், இந்தச் சிகிச்சை உயிர்காக்கும் இடம் மறைந்துபோகும். நம் நாட்டில் இன்னும் அடிக்கடி காணப்படுவது தாடை மூட்டு ஒட்டிப்போகும் நோய். மாடிப்படியிலோ மொட்டைமாடியிலிருந்தோ விழுந்து மோவாயில் அடிபடுகிற குழந்தைக்கு, வெளிக்காயத்துக்குத் தையல் போட்டு அனுப்பிவிடுவார்கள். காதோரம் மூட்டு உடைந்திருப்பதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். காதில் சீழ் முற்றியும் இது வரலாம். சில மாதங்களில் வாய் திறப்பது குறையும். எலும்பும் எலும்பும் ஒட்டிப்போகும். அந்த மூட்டோடு தாடையின் வளர்ச்சியும் நின்றுவிடும்.

அந்தக் குழந்தை சோற்றைப் பிசைந்து பல்லிடுக்கில் திணித்துச் சாப்பிடும். மோவாய் உள்வாங்கி, நாக்கு தொண்டைக்குள் சரிந்து, இரவெல்லாம் மூச்சுக்குத் திணறி உட்கார்ந்தே தூங்கும். இளைத்துப்போவது சாப்பாடு இறங்காததால் மட்டும் அல்ல, தூக்கம் இல்லாததாலும்தான்.

இவர்களுக்குத் தாடை எலும்பை அறுத்து, இரு துண்டுகளுக்கும் இடையே திருகுக் கருவி பொருத்தி, நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் மெல்ல இழுத்து நீட்டுகிறார்கள். இடைவெளியில் புதிய எலும்பு தானாக ஊறி வளரும். சைபீரியாவின் குர்கான் நகரில் கால் எலும்புகளை நீட்ட இலிசரோவ் கண்டறிந்த வழி இது. நியூயார்க்கின் ஜோசப் மெக்கார்த்தி அதைக் கீழ்த்தாடைக்குப் பயன்படுத்தி 1992-ல் வெளியிட்டார். மெல்ல இழுப்பதால் தசைக்கும் நீள அவகாசம் கிடைக்கிறது. தாடை சில மில்லிமீட்டர் முன்னே வரவர, இரவில் மூச்சு சீராவதைப் பெற்றோரே கண்ணால் பார்க்கலாம். இந்தக் குழந்தைகளுக்கான அறுவை மேசைகளை அழகுக்கான வரிசை அடைத்துக்கொள்ளக் கூடாது.

என்ன செய்யலாம்?

அறுவைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் முதலில் குறட்டையைப் பற்றிக் கேட்க வேண்டும். கூடவே படுக்கும் குடும்பத்தாரிடம் கேட்டால் இன்னும் நல்லது. டொரான்டோ மருத்துவர்கள் 2008-ல் வெளியிட்ட எட்டுக் கேள்விப் படிவம் உலகம் முழுக்கப் பயன்பாட்டில் இருக்கிறது. குறட்டை, பகல் சோர்வு, தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா, ரத்த அழுத்தம், எடை, வயது, கழுத்துச் சுற்றளவு, ஆணா பெண்ணா என்பவைதான் கேள்விகள். நிரப்ப இரண்டு நிமிடம் ஆகும். தமிழில் அச்சிட்டு எல்லாப் பல் மருத்துவக் கல்லூரி வெளிநோயாளிப் பிரிவுகளிலும் வைக்கலாம். சந்தேகம் இருந்தாலோ, தாடையைப் பின்னே தள்ளுவதாக இருந்தாலோ தூக்கப் பரிசோதனை கட்டாயமாக்கப்பட வேண்டும். விரலிலும் மூக்கிலும் மாட்டிக்கொண்டு வீட்டிலேயே தூங்கிச் செய்யக்கூடிய கருவிகள் வந்துவிட்டன.

ஒப்புதல் படிவம் வெறும் கையெழுத்துச் சடங்காக இருக்கக் கூடாது. சிகிச்சையின் தன்மை, ஆபத்துகள், மாற்று வழிகள் ஆகியவற்றைப் போதிய அளவு விளக்கிய பிறகு பெறுவதே செல்லத்தக்க ஒப்புதல் என்று உச்ச நீதிமன்றம் சமீரா கோலி வழக்கில் 2008-லேயே சொல்லிவிட்டது. எத்தனை மில்லிமீட்டர், எந்தத் திசையில், ஒரு தாடையா இரண்டா, உதடு மரப்பதற்கான வாய்ப்பு, தாடை பின்வாங்கினால் என்ன செய்வார்கள், மறு அறுவை என்றால் செலவு யாருடையது என்பதெல்லாம் நோயாளியின் தாய்மொழியில் படிவத்தில் இருக்க வேண்டும். யார் கத்தி பிடிப்பது, மயக்க மருத்துவர் யார் என்பதையும் எழுதிவிட்டால் கொரியத் தாய்க்கு நேர்ந்தது இங்கே யாருக்கும் நேராது.

விளம்பரங்கள் விஷயத்தில் புதுச் சட்டம் தேவையில்லை. விளம்பரம் செய்து நோயாளிகளை ஈர்ப்பது நெறி தவறிய செயல் என்று பல் மருத்துவர்களுக்கான 2014 நெறிமுறை விதிகளே சொல்கின்றன. அதைச் சமூக ஊடகத்துக்கும் பொருத்திப் பார்க்கிற துணிச்சல்தான் வேண்டும். குறைந்தபட்சம், வெளியிடும் 'பின்பு' படம் அறுவை முடிந்து ஓராண்டு ஆன பிறகு எடுத்ததாக இருக்க வேண்டும் என்றாவது விதிக்கலாம். ஆறாவது வாரப் படம் எலும்பு நிலைத்ததா என்பதைச் சொல்லாது.

காப்பீட்டில் இன்னொரு முட்டுக்கட்டை. அழகுச் சிகிச்சைக்குப் பணம் தர மாட்டோம் என்பது பொது விதி. உடல்நலத்துக்கு நேரடி ஆபத்து இருந்து மருத்துவர் சான்றளித்தால் விலக்கு உண்டு. தாடைச் சிகிச்சை இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு விழிக்கிறது. மெல்லும் திறன், வாய் திறக்கும் அளவு, மணிக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது என்று காட்டும் தூக்கப் பரிசோதனை எண் ஆகிய மூன்றையும் வைத்து, எது மருத்துவத் தேவை என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் தெளிவாக வரையறுத்துவிட்டால் வழக்கும் அலைச்சலும் குறையும். அரசுக் காப்பீட்டுத் தொகுப்புகளில் அறுவைக்கான தொகையோடு தூக்கப் பரிசோதனையும் ஓராண்டுத் தொடர் பரிசோதனையும் சேர்ந்தே இருக்க வேண்டும். மூட்டு ஒட்டிய குழந்தைகளுக்கு முன்னுரிமையும் வேண்டும். மோவாயில் தையல் போடும் குழந்தைக்கு இரு பக்க மூட்டையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது அவசரச் சிகிச்சைப் பிரிவுகளில் வழக்கமானால், இந்தக் குழந்தைகளில் பலர் அறுவை மேசைவரை வரவே வேண்டியிருக்காது.

பல் மருத்துவக் கல்லூரிகள் மிகுந்த மாநிலம் தமிழ்நாடு. இங்கே செய்யப்படும் தாடை அறுவைகளுக்குப் பொதுவான ஒரு பதிவேட்டைத் தொடங்கினால் என்ன? அறுவைக்கு முன், ஆறாவது வாரம், ஓராண்டு முடிவு என மூன்று முறை எக்ஸ்ரே அளவுகளும் தூக்கப் பரிசோதனை எண்ணும் பெயர் மறைத்துப் பதிவாகட்டும். இப்போது நாம் நம்பியிருக்கும் ஆய்வுகளில் பெரும்பகுதி கிழக்காசிய, மேற்கத்திய முகங்களைப் பற்றியவை. நம் முகவாகு வேறு. ஐந்தாண்டுகளில் நமக்கான கணக்கு நம்மிடமே இருக்கும்.

நோயாளியின் பக்கத்தில் செய்ய வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது. கடி சரியாகிவிட்டது என்று ஆறு மாதத்தில் மருத்துவமனைப் பக்கம் போவதை நிறுத்திவிடக் கூடாது. ஓராண்டு எக்ஸ்ரேயை எடுத்து முதல் எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். எத்தனை மில்லிமீட்டர் நகர்த்தினார்கள், எங்கே தகடு வைத்தார்கள் என்பதை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். பத்து, பதினைந்து ஆண்டு கழித்து எடை ஏறிக் குறட்டை தொடங்கினாலோ, வேறு ஏதாவது அறுவைக்காக மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தாலோ, மருத்துவரிடம் முதலில் நீட்ட வேண்டியது அந்தச் சீட்டுதான்.